நான் அழித்த பதினொரு பக்கங்கள்

இஞ்சருங்கோ என்று மட்டுமே நான் அழைத்துப் பழகிய என் அன்புத் துணைவருக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம். திவசம் போன சனிக்கிழமை நடந்தது. கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் குறைவு. நீங்கள் இருந்திருந்தால் பேசாமல் சாப்பிட்டிருப்பீர்கள். நான் சொல்லிவிட்டேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து யோகன் வந்திருந்தார். நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்வதற்கு முந்திய நான்கு வருடங்கள் உங்களோடு உணவகத்தில் வேலை செய்தவர். சாப்பிட்டு முடித்ததும், முப்பத்தோராம் நாள் நாங்கள் அச்சடித்துக் கொடுத்த உங்கள் நினைவு மலரைப் பையிலிருந்து எடுத்தார்.

"அக்கா, ரெஸ்ரோரன்ட் காலத்தை எழுதியிருக்கிறன், அதிலை உன்ர பேரும் கிடக்கு எண்டு அண்ணை சொன்னவர். ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தன். காணேல்லை."

"மலரிலை இடம் போதாமல் போச்சுது," என்றேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பொய் சொன்னால் முழங்காலில் நிற்க வைப்பார்கள். அன்று கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டே சொன்னேன்.

"அதுக்கென்ன, கொம்பியூட்டரிலை இருக்கும்தானே. பேந்து ஒருக்கா எடுத்துத் தாங்கோ. மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நான் வாசிச்சுக் காட்டுவன்."

கொம்பியூட்டரில் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிக்கொண்டிருந்தவற்றுக்கு ஒரு பிரதி எங்கே வைப்பது என்று நம் மகள் சுகந்தி கேட்டது நினைவிருக்கிறதா? இணையத்தில் வைக்கலாம், அல்லது வீட்டிலேயே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்றாள்.

"இணையத்திலை எண்டால், நீங்கள் மாத்தினாலும் பழசு தனியா இருக்கும் அம்மா. இந்த டிஸ்க் ஒவ்வொரு ஞாயிறும் பழசுக்கு மேலை புதுசை எழுதிப்போடும்."

"எங்கட வீட்டுக் கதை ஆரோ ஒராளின்ர கொம்பியூட்டரிலை கிடக்கிறதோ?" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "விடு பிள்ளை. கொம்மா அலுமாரித் திறப்பையே என்னட்டைத் தரமாட்டா."

டிஸ்க் வந்தது. அதற்கு நான் ஒரு துணியுறையும் தைத்துப் போட்டேன்.

நீங்கள் போனபின், மலருக்காக உங்கள் எழுத்தைத் திருத்த உட்கார்ந்தேன். எழுத்துப் பிழைகளோடு சேர்த்து, உணவகக் காலத்தைச் சொன்ன பதினொரு பக்கங்களையும் வெட்டி எடுத்தேன். நீங்கள் அங்கே மேற்பார்வையாளர் என்று சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லி வைத்தவள் நான்தானே. வேறு பெயரில் சேமிக்கவில்லை, அதே கோப்பிலேயே அழித்தேன். ஞாயிறு வந்தது. டிஸ்க் தன் வேலையைப் பிசகாமல் செய்தது.

திவசத்துக்கு மறுநாள் சுகந்தி புவாண்ட்-கிளேரிலிருந்து வந்து கொம்பியூட்டரிலும் டிஸ்க்கிலும் தேடினாள். "ஏனம்மா வெட்டினீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். நீங்களாக இருந்தால் அதையும் கேட்டிருக்க மாட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு பக்கம் எனக்கு மறக்கவில்லை. அழிப்பதற்கு முன் அதை மட்டும் திரும்பவும் வாசித்தேன். கொதிநீர் கொட்டி உங்கள் வலது கை வெந்தது. முதலாளிக்குத் தெரியாமல் பத்து நாள் உங்கள் பங்குக் கோப்பைகளையும் யோகன் கழுவினார். நீங்கள் பக்கத்தில் நின்று இடது கையால் துடைத்தீர்கள். அந்தத் தழும்பைப் பற்றி நான் கேட்டபோது, தேத்தண்ணி ஊற்றும்போது பட்டது என்றீர்கள். என் பெருமைக்காகத்தானா நீங்களும் பொய் சொன்னீர்கள்?

இந்தக் கடிதத்தை இங்குள்ள நம் தமிழ்ப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். மலர் போன வீடுகளுக்கெல்லாம் இதுவும் போகட்டும்.

மீதியை யோகனிடம் கேட்பேன். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். அவர் கதைப்பதைக் கதைக்கிறபடியே தட்டச்சுச் செய்வேன், ஒரு சொல்லும் திருத்தமாட்டேன். ஒரு பிரதி டிஸ்க்கில் இருக்கும், ஒன்று சுகந்தி சொன்னபடி இணையத்தில். கடவுச்சொல் அவளிடமே இருக்கட்டும். அச்செடுத்த முதல் பிரதி யோகனுக்கு. இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

நான்கு வருடம் கோப்பை கழுவியவரின் மனைவி,
மனோன்மணி