பின்கதவுக்கு வெளியே ஒரு மரத்தளம்

வியாழக்கிழமை

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்கு மணிக்கட்டுக் கட்டு அவிழ்த்தாயிற்று. விரல் மடங்குகிறது, டம்ளர் பிடிக்கிறார், என்னைத் திட்டும்போது சுட்டுவிரல் பழையபடி நீளுகிறது. ஆகவே நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

இருபதாம் தேதி வந்து அப்பாவை உன்னோடு கூட்டிப்போகப் போவதாகச் சொன்னாய். "நீ மரத்தப் பாத்துக்கோ, அப்பாவ நான் பாத்துக்கிறேன்" என்றாய். நான் போட்ட மரத்தளத்தில் அவர் விழுந்தார். அதனால் கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் உன் எட்டாவது மாடி வீட்டில் அவர் என்ன செய்வார் என்று யோசித்தாயா? லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பாரா?

எதற்காக அந்தத் தளத்தைப் போட்டேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. பக்கவாதம் வந்தபிறகு பின்கதவின் மூன்று படிகளை அப்பாவால் இறங்க முடியவில்லை. கதவு மட்டத்துக்கே மரத்தளம் போட்டால், வாக்கரைத் தள்ளிக்கொண்டு வேலிவரை போகலாம். வேலிக்கு அந்தப் பக்கம் ரிட்டயரான தபால்காரர். இரண்டு பேரும் தினமும் நாலு மணிக்குப் பேப்பரை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். மருத்துவர் கொடுத்த பேச்சுப் பயிற்சியில் வராத வார்த்தையெல்லாம் அந்தச் சண்டையில் வந்தது. விழுந்த நாளிலிருந்து பின்கதவு பூட்டியிருக்கிறது. இப்போது சமையலறை ஜன்னல் வழியாகக் கத்துகிறார். "என்னய்யா, ஜெயில்ல பாக்க வந்த மாதிரி இருக்கு" என்று தபால்காரர் சொன்னதற்கு அப்பா சிரிக்கவில்லை.

ஆகவே பழையதைப் பிரித்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறேன். சிமெண்ட் போடச் சொல்கிறாய். விழுந்தால் சிமெண்ட் இடுப்பை உடைக்கும். மரம்தான்.

எந்த மரம் என்பதைக் கடைக்காரன் பேச்சைக் கேட்டு முடிவு செய்யவில்லை. மூன்று மரத்தில் துண்டுகள் வாங்கி, மூன்று வாரம் வெயிலிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். முதலாவது ஈப்பே, தென் அமெரிக்க மரம். இரும்பு மாதிரி, துளை போடும்போது ட்ரில் பிட் இரண்டு போயிற்று. ஐம்பது வருஷம் உழைக்கும் என்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு அதன்மேல் உள்ளங்கை வைத்துப் பத்து எண்ண முடியவில்லை. அப்பாவின் இடதுகாலில் சூடு உறைக்காது என்பது உனக்குத் தெரியும். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியவரும். சட்டப்படி வெட்டிய மரம்தானா என்று காகிதம் கேட்டதற்கும் விற்றவன் மழுப்பினான். வேண்டாம்.

இரண்டாவது மெர்பாவ். வளையாது, முறுக்காது, பூச்சி தொடாது. ஆனால் ஊறப்போட்ட தொட்டித் தண்ணீர் பாலில்லாத கட்டஞ்சாயா நிறத்துக்குப் போயிற்று. ஈரமான மரத்துண்டில் நடந்து பார்த்த அப்பாவின் வெள்ளைக் காலுறை சிவந்துவிட்டது. "கொலை நடந்த வீடு மாதிரி இருக்கேடா" என்றார். நாலைந்து மழையில் சாயம் நின்றுவிடும் என்று விளக்கினேன். அதுவரைக்கும் போலீசுக்கு நீயே பதில் சொல் என்றார்.

மூன்றாவது தேக்கு. ஈப்பே அளவுக்குக் கடினமில்லை, கீறல் விழும். ஆனால் ஈரத்துக்கும் வெயிலுக்கும் மிகக் குறைவாகவே விரிந்து சுருங்குகிறது. மூன்று வாரத்தில் என் அளவுகோலுக்கு ஒரு நூல்கூட வளைவு தெரியவில்லை. வெளிறியபிறகு சூடும் குறைவு. வெளிர் ஓரம் இல்லாத நடுவயிரம் மட்டும் எடுத்தால் கரையானும் வராது. கூடத்தில் மூன்று துண்டுகளையும் வரிசையாக வைத்து அப்பாவை நடக்கவிட்டேன். தேக்கின்மேல் நின்றுகொண்டு, "இது என்ன, மந்திரி வீட்டுக் கதவா?" என்றார். இறங்கவில்லை. ஆக, தேக்கு.

பழைய தளம் கெட்டதற்குக் காரணம் மீசை. மரக்கடைக்காரரைத்தான் சொல்கிறேன். காயாத பலாவ் மரத்தை என் தலையில் கட்டிவிட்டார். ஏழு அங்குலப் பலகை, மேல்பக்கம் வெயிலில் காய்ந்து கிண்ணம் போல வளைந்து, ஓரம் எழும்பிவிட்டது. இழுத்து வைக்கும் இடதுகால் அந்த ஓரத்தில் இடித்தது. இதை உன்னிடமும், அப்பாவிடமும், தெருவில் கேட்டவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நாளைக்கு அவர் கடைக்கே போய், தேக்கை என் ஈரம் பார்க்கும் கருவியால் ஒவ்வொரு பலகையாகச் சோதித்துத்தான் எடுக்கப்போகிறேன். பத்துப் பேர் முன்னால் கேட்கிறேன்.

மீதியை வந்து எழுதுகிறேன்.

அடுத்த வாரம், சனிக்கிழமை

மேலே உள்ள கடைசிப் பத்தியைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், நீ படி.

கடையில் என் ஈரப்பதமானியின் இரண்டு ஊசிகளையும் தேக்குப் பலகையில் குத்தினேன். ஈரம் பதினொரு சதவீதம் என்று காட்டியது. மீசை தன்னுடையதை எடுத்து அதே இடத்தில் குத்தினார். பதினைந்து. உங்கள் கருவியைப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள் என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, அதைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி, ஓரத்துப் பொத்தானை அழுத்தி, "இதுல பைன்னு வச்சிருக்கீங்களே?" என்றார்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். இந்தக் கருவி மரத்தில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்துத்தான் ஈரத்தைக் கணக்கிடும். மரத்துக்கு மரம் அது மாறும். அதனால் என்ன மரம் என்று கருவிக்கு முதலில் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் நான் நாள் முழுக்கச் சோதிப்பது பெட்டி செய்யும் பைன் பலகை. நான்கு வருஷமாக அந்தப் பொத்தானை நான் தொட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடினேன். பலாவ், பதினான்கு, சரி என்று என் கையெழுத்து, அடியில் இரண்டு கோடு வேறு. கருவியோடு வந்த அட்டவணையைப் பார்த்து மாற்றினால் இருபத்தொன்று. பச்சை மரம். வாங்கும்போதே மீசை, "இன்னும் ரெண்டு மாசம் நிழல்ல கெடக்கட்டும் தம்பி" என்று சொன்னார். நான் கருவியைக் காட்டி அவர் வாயை அடைத்தேன். அது நினைவிருக்கிறது. நினைவில்லை என்று எழுத முடியவில்லை.

ஆகவே அப்பா விழுந்தது மீசையால் அல்ல. என்னால்.

அப்பாவிடம் சொன்னேன். டிவியை நிறுத்தினார். "மீசைகிட்ட சொல்லிட்டியா?" என்றார். திரும்பவும் கடைக்குப் போய் அதே நாலு பேர் முன்னால் சொன்னேன் என்றேன். "அக்காகிட்ட?" எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "அவ திட்டுவா. வாங்கிக்கோ" என்றார். அப்புறம், "பழசக் கழட்டு, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்காத" என்றார். கழற்றிவிட்டேன். கை இரண்டும் கொப்புளம். அது உனக்குச் சந்தோஷமாக இருந்தால் நல்லது.

தேக்கு திங்கட்கிழமை மாலை வந்து இறங்கியது. மூன்றரை அங்குல அகலம்தான் எடுத்தேன். குறுகிய பலகை வளைந்தாலும் ஓரம் எழும்பாது. மேலே பள்ளக்கோடு கீறிய பலகை வேண்டாம் என்றேன், பாசி பிடிக்கும். நம் ஊர்க் காற்றுக்குக் காய்ந்து ஈரம் பன்னிரண்டுக்கு வரும்வரை நிழலில் அடுக்கி வைத்திருக்கிறேன். வராமல் ஒரு திருகாணி முடுக்கமாட்டேன். தினமும் இரண்டு கருவியிலும் பார்க்கிறோம், என்னுடையதிலும் மீசையுடையதிலும். அவர் தினமும் கடை பூட்டிவிட்டு வருகிறார். நான் கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டதற்கு அவர் சொன்னது, "அத விடுங்க, பெரியவரு எப்ப வெளிய வருவாரு?"

இருபதாம் தேதிக்குள் முடியாமல் போகலாம். முடிக்க வேண்டுமென்று அவசரப்பட்டால் மறுபடியும் அதே கதைதான். இதை நான் எழுதுகிறேன் என்றால் நீ சிரிப்பாய். சிரி.

நீ வராதே என்று சொல்லவில்லை. வா, பத்து நாள் தள்ளி வா. முதலில் நீ செருப்பில்லாமல், இடதுகாலை அவர் மாதிரி இழுத்துக்கொண்டு, வேலிவரைக்கும் போய்த் திரும்பு. ஒரே ஒரு இடத்தில் விரல் இடறினாலும், அப்பாவின் பையை நானே தூக்கிவந்து வண்டியில் வைக்கிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். இடறாவிட்டால் எங்கே இருப்பது என்று அவரையே கேள். அவர் சொல்வதை நீயும் நானும் கேட்டுக்கொள்வோம்.

எது எப்படியானாலும், விழுந்தபிறகு அவர் முதல் தடவை அந்தக் கதவைத் தாண்டும்போது என்னால் தனியாக நின்று பார்க்க முடியாது. அதற்காகவாவது வந்துவிடு அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
அவசரக்குடுக்கை