அரண்மனைக்குப் போன நம்ம வீட்டுக் கதவு

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நல்லாயிருக்கேன். உங்க அக்கா வீட்டுல நீயும் நல்லாயிருப்பே. நம்ம பூனை குட்டி போட்டிருக்கு. அதுல ஒண்ணு அச்சு அசல் உன்னை மாதிரியே முறைக்குது. அது கெடக்கட்டும்.

புது நாடகத்துக்கு அரண்மனை செட் போட்டேன்ல? அதுல ராணி கோவத்துல, ராஜா மூஞ்சிக்கு நேரா கதவை அறைஞ்சு சாத்தணும். ஒத்திகையில சாத்துனா, கல்லுச் சுவரு மாதிரி சாயம் அடிச்ச துணி மொத்தமும் ஆடுது! லைட் போடுற தம்பி, "அண்ணே, இது அரண்மனையா, கொசுவலையா?"ன்னு கேக்குறான்.

அப்பதான், "ஊருக்கு அரண்மனை கட்டுறீங்க, சொந்தக் கூரை ஒழுகுது"ன்னு சொல்லிட்டு நீ சாத்திட்டுப் போன சத்தம் ஞாபகம் வந்துச்சு. நேரா வந்து நம்ம வாசக் கதவை நிலையோட பேத்து எடுத்துட்டுப் போயிட்டேன். துணியில ஒட்டாம, தனியா முட்டுக் கொடுத்து நிக்க வச்சேன். தம்பி பின்னாலேருந்து மஞ்ச வெளிச்சம் விட்டான். நம்ம கதவு தங்கமாட்டம் மின்னுச்சு.

நேத்து ராணி சாத்துனா பாரு, சபையே அதிர்ந்துச்சு! சுவரு அசையல. கைதட்டு அடங்கல. "என்னமா சாத்துறா!"ன்னாங்க எல்லாரும். "இவளைவிட நல்லா சாத்துற ஆளு எங்க வீட்டுல உண்டு"ன்னேன்.

கூரை இப்ப ஒழுகல. அதைச் சொல்ல வரல.

நாடகம் முடியிற வரைக்கும் வாசல்ல உன் பழைய சேலைதான் தொங்குது. நீ எப்ப வந்தாலும் தட்ட வேண்டியதில்ல.

இப்படிக்கு,
கதவில்லாத உன் வீட்டுக்காரன்