முதலில் உங்கள் போனைத்தான் தேடுகிறது

என் உயிரான அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் முதலில் அது. இந்தக் கடிதத்துக்குக் காரணம் அம்மாதான். "சொன்ன மாதிரி கார்ல ஏறிட்டேன்னு அவுககிட்டச் சொல்லிரு" என்றாள் என்னிடம். எப்படிச் சொல்ல? உங்கள் நம்பருக்குப் போட்டால் அம்மாவின் கைப்பைக்குள்தானே மணி அடிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடித்துவிட்டாள். நீங்கள் போனதிலிருந்து வாசல்படி தாண்டாமல் இருந்தவளை, முதல் பயணமாகத் திருப்பரங்குன்றத்துப் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன். அதற்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நீங்கள் வாங்கி வைத்த கார் செட்டை மாட்டினால்தான் ஏறுவாளாம்.

ஞாபகம் இருக்கிறதா அத்தா? ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை காதில் போனோடு. பூக்கட்டுகிற நூல் விற்கிற மனுசனுக்கு அம்புட்டு அவசரமான போன் எங்கிருந்துதான் வருமோ! மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டே உங்கள் காதில்தான் குடியிருந்தது. அம்மா ஒருநாள் வெடித்துவிட்டாள். "இனிமே உங்ககூட கார்ல ஏறுனா என்னை ஏன்னு கேளுங்க." நீங்களும் ரோஷத்தோடு போய், கையில் தொடாமலே பேசலாம் என்று இந்தச் செட்டை வாங்கி வந்தீர்கள். "வார வெள்ளிக்கிழமை மாட்டிருவோம்" என்று வாராவாரம் சொன்னீர்கள். உங்களுக்கு வாங்குகிற வேகம் மாட்டுவதில் என்றைக்கு இருந்திருக்கிறது? அப்புறம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பெட்டி பிரிக்காமல் பீரோ மேலேயே கிடந்தது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியவேண்டும். அம்மா அழவில்லை. உங்கள் மையத்தைக் கிடத்தியிருந்த வீட்டில் அத்தனை பெண்கள் அழுதபோதும் அவள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகும் "அத்தாவுக்குக் காரம் ஆகாது, கொறச்சுப் போடு" என்றுதான் பேசினாள். உங்கள் போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டாள், முந்தானையால் துடைத்துத் தலைமாட்டில் வைத்தாள். சேதி தெரியாதவர்கள் யாராவது கூப்பிட்டால் நான் பாய்ந்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன். அங்கே நின்று மெதுவாகச் சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்குவேன். மவுத்து என்ற அந்த ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்தால் அவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம், அத்தா. உங்களை இழந்த கையோடு இன்னொருத்தரை இழக்க எனக்குத் தெம்பில்லை.

சரி, செட்டு விஷயத்துக்கு வருகிறேன். பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் மாட்டினோம். பழைய செட்டைப் பிடுங்கி, வயர்களைச் சேர்த்து, கண்ணாடி பக்கத்தில் குட்டியாக ஒரு மைக்கை ஒட்டினார் கடைக்காரர். ஆட்டோவில் வந்து காத்திருந்த அம்மா அப்புறம்தான் பின் சீட்டில் ஏறினாள். "போனைக் குடுங்கக்கா, புளூடூத்ல சேத்துருவோம்" என்றார். நான் என் போனை நீட்டினேன்.

"இரு ஜமீலா" என்றாள் அம்மா பின் சீட்டிலிருந்து. "வாங்குனது அவுக. அவுக போன்தான் மொதல்ல."

நம் வீட்டு வழக்கம்தானே அது. குக்கர் வந்தாலும் மிக்ஸி வந்தாலும் காசு கொடுத்தவர் கைதான் முதலில் படவேண்டும் என்று நீங்கள்தானே பழக்கி வைத்தீர்கள்? கைப்பையிலிருந்து உங்கள் போனை எடுத்து, திரைப் புள்ளிகளில் ஒரே இழுப்பாகக் கோடு போட்டுப் பூட்டைத் திறந்தாள். எனக்கே தெரியாத கோடு அது. செட்டின் பெயர் போனில் வந்தது. செட்டின் திரையில் வந்த எண்ணும் போனில் வந்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து நான் சரி கொடுத்தேன். போனில் உள்ள பெயர்களை எல்லாம் செட்டு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது, அதற்கும் சரி கொடுத்தேன். திரையில் "ஹாஜா பாய்" என்று உங்கள் போனின் பெயர் எழுந்து நின்றது. அம்மா "பிஸ்மில்லாஹ்" என்றாள்.

அப்புறம் என் போனையும் சேர்த்தோம். கிளம்பும்போது கடைக்காரர் என் பக்கம் குனிந்து, "அக்கா, ஒவ்வொருவாட்டி வண்டி எடுக்கும்போதும் இது மொத போனைத்தான் தேடும். தெனமும் ஓட்டுறது நீங்கதான்னா அந்தப் பேரை அழிச்சிட்டுப் போங்க" என்றார். அவருக்கு என்ன தெரியும், பாவம். அழிக்கும் இடத்தையும் காட்டிக்கொடுத்தார். விரலை அதுவரை கொண்டுபோனேன் அத்தா. முடியவில்லை. என் போனை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வழியில் பெட்ரோல் போட வண்டியை அணைத்தேன். மறுபடி எடுத்தபோது பாட்டு வரவில்லை. போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான் நான் செய்த தப்பு. பழங்காநத்தம் தாண்டுகையில் கார் முழுக்க மணி அடித்தது. முன்னால் ஒரு டவுன் பஸ். ஆபீஸ் போனாக இருக்கும் என்று திரையைப் பார்க்காமலே பச்சையைத் தட்டினேன்.

"என்னடா மாப்ள! உயிரோட இருக்கியா இல்லியா?"

நான்கு ஸ்பீக்கரிலும் பூக்கடைப் பாண்டி மாமாவின் குரல். சூரத்தில் மகள் வீட்டுக்குப் போனவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "ஊருக்கு வந்தாச்சுடா. நாரு, நூலு ஒண்ணும் இல்ல கடையில. எப்ப வார?"

சிவப்பைத் தட்டக் கை போனது. பின்னாலிருந்து அம்மாவின் கை வந்து என் தோளை அழுத்தியது.

"அண்ணே, நான் ஒங்க தங்கச்சி பேசுறேன்."

"அட, தங்கச்சியா! மாப்ள எங்க?"

நான் வண்டியை ஓரங்கட்டினேன். இந்த முறை ஓடுவதற்கு மாடி இல்லை.

"அவுக மவுத்தாயிட்டாகண்ணே" என்றாள் அம்மா. குரல் உடையவில்லை. "நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. கடையிலதான். யாரையும் செரமப்படுத்தல. ஒங்களுக்குச் சொல்லணும்னு இருந்தேன், எனக்குத்தான் வாய் வரல."

ஸ்பீக்கரில் மார்க்கெட் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ மல்லிக்கு விலை கேட்டார்கள். பிறகு, "அய்யோ தங்கச்சி" என்று ஒரு சத்தம். அந்த மனுசன் விட்டு அழுதார் அத்தா. காருக்குள் அவர் அழ, அம்மாவும் அழுதாள். உங்களுக்காக அம்மா முதன்முதலாக அழுதது நீங்கள் வாங்கிய செட்டுக்கு முன்னால்தான். நான் திரும்பி அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் போய்விடவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டபின் அம்மா சொன்னாள்: "இனிமே அவுக போனை எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடாத. எம்புட்டு நாளைக்குத்தான் நீயே தனியா நின்னு சொல்லுவ? எங்கிட்டக் குடு, நான் சொல்றேன்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து ஓடிக்கொண்டிருந்தேன். அவளோ, நான் முகம் கழுவி வருவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

மறுநாள் பாண்டி மாமா வீட்டுக்கு வந்தார். கையில் மல்லிப் பொட்டலம் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. வெறுங்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றவரை, "உள்ள வாங்கண்ணே" என்று அம்மாதான் கூப்பிட்டாள். உங்கள் நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள்.

இப்போது அம்மா முன் சீட்டில்தான் உட்காருகிறாள். உங்கள் போன் அவள் மடியில். சாவியைத் திருப்பியதும் செட்டு முதலில் உங்களைத் தேடுகிறது, உங்கள் பெயர் வருகிறது, அதற்குப் பிறகுதான் நான் கியரைப் போடுகிறேன். உங்களைத் தேடி ஒரே ஒருவர் பாக்கி இருந்தாலும், அவருக்கு அம்மா பதில் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெயரை நான் அழிக்கமாட்டேன். இது என் சத்தியம். மொட்டை மாடிக்கு இனி துணி காயப்போட மட்டும்தான் போவேன்.

அம்மா கார்ல ஏறிட்டா, அத்தா. சொல்லிவிட்டேன்.

உங்கள் துஆவில் வளர்ந்த,
உங்கள் வண்டியை ஓட்டுகிற மகள்,
ஜமீலா