பிரேசில் மெட்டும் உன் இரண்டாவது சரணமும்

அன்புள்ள சாமு அண்ணா,

இன்று காலை எழுந்ததும் பால் வைக்கவில்லை. காலி அரிசி டின்னைக் கவிழ்த்துப்போட்டு இரண்டு கரண்டிக் காம்பால் தட்ட ஆரம்பித்தேன். "இன்னா மேரி, தெருவையே எழுப்பப் போறியா?" என்றார் உன் மச்சான். நிறுத்தினேன். விரல்கள் நிற்கவில்லை.

சனிக்கிழமை ஆம்பூர் சர்ச்சில் நம் பேண்ட் வாசிக்கிறது. உன்னை அடக்கம் பண்ணின பிறகு இதுதான் முதல் முறை. டிரம்ஸில் நான், கிட்டாரில் பாபு. முந்தாநாள் பாபு வந்து, "அண்ணன் குரல் பழைய கேசட்ல இருக்குதேக்கா, அதையே லேப்டாப்ல போட்டுடலாம். நீ கூடவே தட்டினா போதும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது சரணத்தில் நீ எப்போதும் தாளத்தை முந்தி ஓடுவாய். நான் துரத்துவேன். அப்புறம் திரும்பிப் பார்த்துச் சிரித்து, எனக்காக நிற்பாய். லேப்டாப் திரும்பிப் பார்க்குமா?

மார்கோ மெயில் போட்டிருந்தார். உன் ஷூ கம்பெனியில் மெஷின் சொல்லித்தர வந்து, ஊருக்குப் போகும்போது அந்தப் பிரேசில் பேண்டின் கேசட்டை உன்னிடம் கொடுத்தாரே, அவர்தான். அதிலிருந்த ஒரு மெட்டுக்குத்தானே நீ தமிழில் வார்த்தை எழுதி இந்தப் பாட்டை உண்டாக்கினாய்? அந்த பேண்ட் போன மாதம் கடைசியாக ஒருமுறை வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டதாம். மொத்தம் ஐந்து ஆல்பம். ரேடியோவில் ஓடியது ஒரே பாட்டு. கடைசிவரை பகலில் ஷூ ஃபேக்டரி வேலை. "நம்மள மாதிரிதான்டி. பாலாறு தாண்டினா நம்மள யாருக்குத் தெரியும்?" என்று அவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிரிப்பாய்.

அவர்களுடைய பாடகர் இறந்ததும் ஒரு வருடம் பாட்டே இல்லாமல் வாசித்தார்கள். பிறகு டிரம்மரே பாட ஆரம்பித்தார். மார்கோ அனுப்பிய அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டு, "தட்டுறவன் பாடினா எப்படி மூச்சு வாங்குது பாரு" என்று கேலி செய்தாய். மூச்சு வாங்கத்தான் செய்தது. ஆனாலும் பதினோரு வருடம் பாடினார் அண்ணா. ஜனங்களும் வந்தார்கள்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ரெக்கார்ட் அறையில் இன்று ஒரே ஃபைலை மூன்று முறை எடுத்து எடுத்து வைத்தேன். இத்தனை வருடத்தில் மேடையிலிருந்து உன் முதுகைத் தவிர வேறு எதையாவது பார்த்திருக்கிறேனா?

பாபுவிடமோ உன் மச்சானிடமோ இதை இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை அந்த லேப்டாப்பைத் திறக்க விடமாட்டேன். மைக்கை டிரம்ஸ் பக்கம் இழுத்து வைத்து நானே பாடப் போகிறேன். மூச்சு வாங்கினால் வாங்கட்டும். இரண்டாவது சரணத்தில் நீ திரும்பிப் பார்க்கும் இடம் வந்ததும் கையை நிறுத்துவேன். நீ சிரித்து முடிக்கிற நேரம் விட்டுத்தான் மறுபடி தட்டுவேன்.

உன் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கை,
மேரி