இருபத்திரண்டாம் தேதி வாசித்த அதிகாரம்

கான் தெ மாஸ்க்
1911 நவம்பர் 14

அன்புள்ள மகன் ஃப்ரான்சிஸுக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே மாடு சுகம், கன்று சுகம், உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். டர்பனில் நீயும் உன்னோடு ரயில் பட்டறையில் வேலை செய்யும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். என்னைப் பற்றி எழுதுமுன் வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கப்பலில் வருகிற யாராவது உனக்குச் சொல்வார்கள், அவர்கள் என்னைவிட ருசியாகச் சொல்வார்கள். பாதிரியார் வராத ஞாயிறுகளில் கோயிலில் நின்று, கல்லைக் கும்பிடாதே என்று பதினொரு வருஷமாக ஊருக்கு வாசித்துக் காட்டிய நான், போன மாதம் மூன்று நாள் நம் கரும்புத் தோட்டத்து ஓரம் கல்குவியல் முன்னால் முட்டிபோட்டு, ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் துடைத்து, முகத்துக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புல்லுக்குப் போன சிவகாமி, முனீஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு, "இது எந்தச் சாமிங்க ஐயா" என்று கேட்டாள். நான் அடுத்த கல்லை எடுத்துக் கழுவினேன். புல்லுக்கட்டோடு திரும்பி வரும்போது குவியலின் மேல் ஒரு செம்பருத்திப் பூவை வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பூ வாடுமுன் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் தேடியது சாமியை அல்ல, நமக்கும் உன் துரைசாமி மாமாவுக்கும் நடுவில் நின்ற எல்லைக்கல்லை. பெரிய தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நானும் அவனும் பக்கத்துப் பக்கத்துத் துண்டு வாங்கினோம், நீ அப்போது சின்னவன். மேல் கோடியில் மாமரம், கீழ்க் கோடியில் நிலம் அளந்த துரை நட்டுவைத்த முழ உயரக் கல், தலையில் சிலுவை மாதிரி ஒரு வெட்டு, இரண்டுக்கும் நடுவே கண்ணால் இழுத்த கோடு, அவ்வளவுதான் எங்கள் எல்லை. பன்னிரண்டு வருஷம் அந்தக் கோட்டின் மேல் ஒரு சண்டை கிடையாது. செப்டம்பரில் கீழ்க் கோடியில் பழைய கரும்புக் கட்டைகளைப் பிடுங்கினேன். இந்தத் தீவில் கட்டையைப் பிடுங்கினால் அடியில் கல்தான் இருக்கும், ஒரு கல்லை எடுத்தால் அதன் தம்பி இருப்பான், தம்பியை எடுத்தால் பங்காளிகள் இருப்பார்கள். கடப்பாரையால் கிளப்பி, உருட்டி, நாள் முழுக்கக் குவியலில் சேர்த்தேன். அந்தக் கல்லும் அவற்றோடு போயிருக்கிறது. எந்த நேரத்தில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, குனிந்தவன் இருட்டும்வரை நிமிரவில்லை.

மறுநாள் இருபத்திரண்டாம் தேதி. நான் ஏற்படுத்திய வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீதிமொழிகளில் முப்பத்தொரு அதிகாரம், மாதத்தில் முப்பத்தொரு நாள், ஆகவே தேதிக்கு ஒரு அதிகாரம் சாயங்கால ஜெபத்தில் வாசித்து அன்றைக்குள்ளதை அன்றைக்கே வாழ்ந்துவிட வேண்டும் என்று. பிப்ரவரியில் மூன்று அதிகாரத்தை வாழாமல் தப்பித்துவிடுகிறோம் என்று உன் மாமா கேலி செய்வான். அன்றைக்கு ஜெபம் அவன் வீட்டில். அந்த அதிகாரத்தில் எல்லைக்கல்லை மாற்றாதே என்று ஒரு வசனம் இருக்கிறது, உனக்குத் தெரியும். நான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். இந்த ஊரில் ஒருவருடைய வேலிக்குக் கால் முளைத்திருக்கிறது, வருஷத்துக்கு ஒரு முழம் நடக்கிறது என்றேன், பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் எட்மோனைத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், துரைசாமிதான் தொடையைத் தட்டிச் சிரித்தான். அவன் மகள் லிஸ் எனக்கு இரண்டாவது தடவை காப்பி கொண்டுவந்தாள், ஜனவரியில் நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள் என்று நான் அவளையும் ஒரு கேலி செய்தேன். விடிந்ததும் அவள் அப்பன் தன் கீழ்க் கோடிக்குப் போயிருக்கிறான், நின்ற இடத்தில் கல் இல்லை.

நம் வாசலில் வந்து நின்று முதலில் தமிழில் திட்டினான், தமிழ் தீர்ந்ததும் கிரியோலில் தொடர்ந்தான். "என் வீட்டுல உக்காந்து என் காப்பியக் குடிச்சுட்டு எனக்கே கல்லப் பத்திப் பாடம் நடத்துனீங்களே" என்றான். கண் மதிப்பில் கோடு பிடித்து நான் திரும்ப நட்டதில் ஒரு வரிசை நிலம் நம் பக்கம் வந்துவிட்டது என்கிறான் அவன், ஒரு சாண்கூட வரவில்லை என்கிறேன் நான். நிலம் அளக்கிறவரைக் கூப்பிடுவோம் என்றேன். "நட்டது அவரு, புடுங்குனது நீங்க, நடுவுல அவர் எதுக்கு" என்றான். அத்தான் என்று கூப்பிட்டுவந்த வாய் அன்றிலிருந்து உபதேசியாரே என்கிறது, அந்த மரியாதை செருப்படி மாதிரி விழுகிறது.

நானும் சும்மா இருக்கவில்லை, தேதிப்படி வாழ்ந்து பார்த்தேன். பகைத்தவனுக்குச் சோறு போடச் சொல்லும் அதிகாரம் இருபத்தைந்தாம் தேதி வருகிறது, உன் அம்மா ஆட்டுக்கறி வைத்துக் கொடுத்தனுப்பினாள். பாத்திரம் கழுவித் துடைத்து வெறுமையாகத் திரும்பி வந்தது. நம்மவர்களில் யாரும் பாத்திரத்தைச் சும்மா அனுப்பமாட்டார்கள், நாலு பச்சைமிளகாயாவது போட்டு அனுப்புவார்கள். உன் அம்மா அதைத் திரும்பவும் ஒரு தடவை கழுவிக் கவிழ்த்தாள். அக்டோபர் பதினைந்தாம் தேதி அதிகாரத்துக்குக் கீழ்ப்படிந்து மிகவும் மெதுவாக அவனிடம் பேசப் போனேன். "சத்தமாச் சொல்லுங்க உபதேசியாரே, நீங்க கல்ல உருட்டுன சத்தமும் இப்படித்தான் எனக்குக் கேக்காமப் போச்சு" என்றான். பதினேழாம் தேதி நாவை அடக்கினேன், பகல் முழுக்க ஒரு வார்த்தை இல்லை, உன் அம்மா வாய் கோணிக்கொண்டதோ என்று பயந்து எண்ணெய் காய்ச்சி எடுத்துவந்து தாடையில் தேய்த்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கல் கழுவுகிற மூன்று நாள். சிலுவை மாதிரிக் கீறல் உள்ள கல் நான்கு கிடைத்தது, நான்கையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் நான்கையும் பார்த்துவிட்டு, எது சரியான கல் என்றாலும் அது நின்ற இடத்தை அதனால் சொல்ல முடியாதே என்றான். நான்கையும் திரும்பச் சுமந்துவந்து குவியலிலேயே போட்டேன்.

ஐந்தாம் தேதி ஞாயிறு பாதிரியார் வந்தார். எங்கள் இருவரையும் ஆராதனைக்குப் பிறகு நிறுத்தி விசாரித்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் வேதத்தின் மேல் கை வைத்து, ஒரு சாண் நிலமும் என் பக்கம் வரவில்லை என்று சொன்னேன். துரைசாமி கை வைக்கவில்லை, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்று சாயங்காலமே மாயெபூரிலிருந்து பெண் கேட்டுக்கொண்டிருந்த லிண்ட்சே வீட்டுக்கு லிஸைக் கொடுக்கச் சம்மதம் சொல்லியனுப்பிவிட்டான். உன் அம்மாவும் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்கிறாள், சோறு வைத்தாயிற்று, சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம் என்று. மாடு என்னைப் பார்க்கிறது.

போன சனிக்கிழமை லிஸ் தனியாக வந்தாள். "ஒரு வரிசைதான மாமா, குடுத்துட்டீங்கன்னா அப்பா எறங்கி வந்துடுவாரு" என்றாள். கொடுத்தால் எடுத்தேன் என்றாகிவிடும் அம்மா, வேதத்தின் மேல் கை வைத்துவிட்டேனே என்றேன். "சரிங்க மாமா" என்றாள். அத்தான் வரும் கப்பல் டிசம்பரிலா ஜனவரியிலா என்று கேட்டாள், நான் சொல்லுமுன் படியிறங்கிப் போய்விட்டாள். மறுநாள் பாதிரியார் இல்லை, மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையை முதல் தடவை வாசிக்க வேண்டியவன் நான். உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் லிண்ட்சே பெயரை என் வாயால் வாசித்தேன் மகனே. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசித்துவிட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தேன். ஒருவரும் பேசவில்லை. இந்த ஊரில் எல்லாரைப் பற்றியும் சொல்ல ஏதாவது வைத்திருக்கும் நானும் பேசவில்லை.

இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது, இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் இரண்டும் போய்விடும். கல்யாணக் கோட்டுக்குத் துணி வாங்கித் தைக்கக் கொடுத்திருந்தால் நிறுத்தச் சொல்லு, வெட்டியிருந்தால் வேலைக்குப் போட்டுக்கொள். உன் மாமாவுக்கு எழுதாதே, லிஸுக்கும் எழுதாதே. குளிர் நாளில் மார்புக்குக் கம்பளி போடு. என்னை மாதிரித் தேதி பார்த்து வாசிக்காதே, அதிலும் அடுத்தவனுக்காக வாசிக்காதே. அதிகாரங்களில் மூடன் வருகிற இடத்திலெல்லாம் முன்பு எனக்கு எட்மோன் முகம் தெரியும், வாசிக்கச் சுகமாக இருக்கும். இப்போது எந்தத் தேதியைத் திறந்தாலும் என் முகம்தான் உட்கார்ந்திருக்கிறது, புத்தகத்தை மூடினாலும் எழுந்து போவதில்லை. ஜெபிக்கவும் வாய் வரவில்லை, நீயாவது எனக்காக ஜெபம் பண்ணு. உன் போக்கையும் வரவையும் கர்த்தர் காப்பாராக, உன் கைவேலை தழைக்கட்டும், என்னால் நீ இழந்ததை அவர் வேறு வழியில் உனக்குத் தரட்டும். அம்மாவுக்கென்று தனியாக ஒரு தாள் எழுத மறக்காதே, என் தாளில் எழுதினால் அவள் வாசிக்கமாட்டாள்.

இப்படிக்கு
உன் அப்பா
மருதை

கடிதத்தை ஒட்டப்போகும்போது உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்று, ஒன்பது நாளுக்குப் பிறகு நேராக என்னிடம் பேசினாள், நடவு விவரத்தையும் பிள்ளைக்கு எழுதுங்கள் என்று. கரும்புக் கரணை சுமந்து கொடுத்தவள் அவள், எண்ணியவளும் அவளே. கீழ்க் கோடியில் போன நடவுக்குப் பதினாறு வரிசை. இந்த நடவுக்குப் பதினேழு.