வாலில் திறந்த வாய்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்தே சாரல். எனாமல் பெயிண்ட் காயாது என்று தெரிந்தும் டப்பாக்களோடு கடியப்பட்டணம் புறப்பாடு. வீட்டுக்காரர் டெம்போவில் இறக்கிவிட்டார். இனி அவர் வீ.கா. முழுசாக எழுதும் அளவுக்கு அவர் ஒன்றும் செய்துவிடவில்லை.

பிரான்சிசின் புது ஃபைபர் வள்ளம். வெள்ளிக்கிழமை மாதா திருநாள். அன்று பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்ததும் கடலில் இறங்கணும். அதற்குள் இரண்டு பக்கமும் மிருகம் வரைந்து முடிய வேண்டும்.

வேலை தரும்போது பிரான்சிஸ் சொன்னது: "எக்கா, சிங்கமும் புலியும் எல்லா வள்ளத்துலயும் கெடக்கு. ஒருத்தனும் காணாத ஒண்ணு வரைஞ்சு தா."

கடைச்சுவர், பால்வாடி, கல்யாண மண்டபம் என்று இத்தனை வருஷமும் அவரவர் காட்டிய படத்தைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறேன். என் மண்டைக்குள் கிடப்பதை யாரும் கேட்டதில்லை. இவன் கேட்டுவிட்டான். விடுவேனா?

குதிரை முகம். மீன் உடம்பு, செதிலோடு. திருக்கைச் சிறகு. சூரை மீனின் வால், இரண்டாகப் பிரிந்து. மூக்கு மட்டும் பிரான்சிஸ் பெண்டாட்டி ஜெசிந்தாவுடையது. அவளிடம் சொல்லவில்லை.

இடப்பக்கம் போன வாரமே முடிந்தது. இன்று வலப்பக்கம். அதே தாள், குண்டூசி ஓட்டை வழியே கரித்தூள் தட்டிக் கோடு எடுத்தாயிற்று. கொட்டகை இடுக்கில் சுவரோடு ஒட்டிக்கொண்டு வேலை. முதுகு போச்சு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வலப்பக்கம் நிறம் முழுக்க முடிந்தது. நீலம் தீர்ந்து மயில்பச்சை ஆக்கினேன். இன்னும் ஜோர்.

கண் வைக்கவில்லை. வள்ளத்து மிருகத்துக்குக் கண் கடைசியில்தான், மந்திரிப்புக்கு முன்னால். இங்கே அதுதான் வழக்கம்.

ஜெசிந்தா கட்டஞ்சாயாவோடு வந்தாள். மிருகத்தின் மூக்கையே பார்த்தாள். பிறகு தன் மூக்கைத் தொட்டாள்.

"எக்கா, இது ஆருக்க மூக்கு?"

"நல்ல மூக்காக்கும். அதான் போட்டேன்."

சாயாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். பிடுங்கிக் குடித்தேன்.

வீட்டில் சம்பா அரிசிச் சோறு, நெத்திலி அவியல். வீ.கா. புளி கூடிப்போச்சு என்றார். நாளை அவரே வைக்கட்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

மானம் போச்சு.

மழை வெறித்து வானம் வெளுத்ததும் வள்ளத்தை வெளியே இழுத்தார்கள். சூசை அண்ணன்தான் முதலில் பார்த்தார். இந்த வள்ளத்தில் எஞ்சின் பிடிக்கப்போகிறவர், பிரான்சிசுக்கு அப்பா வயது. இடப்பக்கம் பார்த்தார், தலையாட்டினார். வலப்பக்கம் போனார். நின்றார்.

"ஏட்டி, இது கரையப் பாத்துல்லா ஓடுகு!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். உள்ளதுதான். தாளைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன். அந்தப் பக்கத்து மிருகத்தின் தலை பின்னால் எஞ்சின் பக்கம், வால் முன்னால் கடலைப் பார்த்து. சுவரிலேயே வரைந்து பழகிய கை. சுவருக்கு ஏது மறுபக்கம்?

விட்டுக்கொடுக்காமல் சமாளித்தேன். "ஒண்ணு கடலப் பாக்கும் அண்ணே, ஒண்ணு வீட்டப் பாக்கும். பொண்டாட்டி பிள்ளை நெனப்பு வேண்டாமா?"

"கதை விடாத. பின்னால பாக்கிய மிருகத்த வச்சுட்டு கடலுக்குப் போனா வலையில ஒண்ணும் ஏறாது. நான் வரமாட்டேன்."

சிரிக்காமல் சொன்னார். பிரான்சிசும் சிரிக்கவில்லை. குழித்துறையில் ஸ்டிக்கர் கடை இருக்கிறதாம், சொன்னால் நாளைக்கே டிராகன் ஒட்டித் தருவானாம். "ரெண்டு பக்கமும் ஒட்டிருவோம் எக்கா. கோவப்படாத."

ரெண்டு பக்கமும். அப்படியென்றால் என் மிருகம் கடல் பார்க்காமலே மூடப்பட்டுவிடும்.

அழித்து மறுபடி அடிக்கலாம் என்றால் இந்தச் சாரலில் வெள்ளை காய்வதற்குள் திருநாள் முடிந்துவிடும். நாளை சாயங்காலம் வரை பொறு என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் பார்த்தவர்களோடு சிரித்துப் பேசினேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. வீ.கா. புளி குறைத்து வைத்திருந்தார் பாவம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விடியும்போது புத்தி வந்தது. யாரும் காணாத மிருகம்தானே? இதுதான் தலை, இதுதான் வால் என்று எவன் கண்டான்? குதிரையென்றால் மாட்டியிருப்பேன். இது என்னுடையது.

சூசை அண்ணனைத்தான் முதலில் பிடித்தேன்.

"அண்ணே, கண்ணு வச்சாச்சா?"

"இல்ல."

"கண்ணு இல்லாதது எங்கோட்டுப் பாக்கும்?"

யோசித்தார். "ஒரு எடமும் பாக்காது."

"அப்ப நேத்து கரையப் பாத்தது ஆரு?"

பீடியை எடுத்தார், பற்றவைக்கவில்லை. "வரையி. பாப்போம்."

வேலை: சூரை வாலின் இரண்டு கிளையும் மேல்வாய், கீழ்வாய். உள்ளே சிவப்பு, பல். குதிரை முகத்தை மயில்பச்சையில் மூடி, பிடரியை விரித்து வாலாக்கினேன். (ஜெசிந்தாவின் மூக்கு அதற்குள் எங்கேயோ.) திருக்கைச் சிறகுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், எப்படிப் பார்த்தாலும் சிறகுதான். செதில்தான் உயிரை வாங்கியது. எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஜெசிந்தா தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றாள், சாரல் விழாமல்.

சாயங்காலம் பிரான்சிஸ் வந்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சுற்றிச் சுற்றி வந்தான்.

"ரெண்டும் ரெண்டு சாதியா இருக்கே எக்கா."

"ஒண்ணு ஆம்பிள, ஒண்ணு பொம்பள."

"இதுல எது ஆம்பிள?" என்றாள் ஜெசிந்தா.

"வாய மூடாம இருக்கியது."

அவள் தார்ப்பாயைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். பிரான்சிஸ் போனை எடுத்து ஸ்டிக்கர் கடைக்காரனிடம் வேண்டாம் என்று சொன்னான். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பிரஷ் கழுவினேன். கண் கலங்கியது தின்னர் நெடியால்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வெயில்! பள்ளிக்கூடத்தில் கொடி, கோயிலில் பூசை, எங்கும் ஸ்பீக்கர்.

சாமியார் வருமுன் கண் வைத்தேன். இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கத்துப் பிரஷை சூசை அண்ணனிடம் நீட்டினேன். "நீங்களே வையுங்க. பொறவு என்னக் குத்தம் சொல்லக் கூடாது." பீடியைக் காதில் செருகிவிட்டு வைத்தார். கொஞ்சம் கோணல் கண். அதுவும் கடலைத்தான் பார்க்கிறது.

மந்திரிப்பு, பொரிகடலை, வெடி. வள்ளம் இறங்கியது. எஞ்சின் அண்ணன் கையில். அலை தாண்டித் திரும்பியபோது வலப்பக்கம் முழுசாகத் தெரிந்தது, வாயைப் பிளந்துகொண்டு முன்னால் போனது. தெரிகிற வரை நின்றேன்.

பக்கத்து வள்ளக்காரன் வந்தான். "எக்கா, எனக்கும் ஒண்ணு வேணும். அதுமாதிரியே, ரெண்டு பக்கமும் ரெண்டு."

வீ.கா. காதைக் கடித்தார்: "தப்பா வரைஞ்சதுக்கா ஆர்டரு?"

நாளை வாங்க வேண்டியது: கரித்தூள், குண்டூசி, சிவப்பு கூடுதல்.
தாளைத் திருப்பக் கூடாது. மறக்காதே.