கிழக்கு உத்திரம்

ஜனவரி 20, 2025

வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் குரல் வராமல், எட்டாவதோடு நின்றவள் நான். எனக்குப் பென்சில் வேலை!

ஓடைப் பாலத்தைச் சோதிக்க வந்திருக்கும் ஜூடி அக்கா சாக்பீஸால் புள்ளிகள் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் லெட் பென்சிலை அழுத்தி முனையை உடைக்க வேண்டும். பாலத்தில் ஒட்டிய சென்சார்களுக்கு அந்தச் சத்தம் தூரத்துக்கேற்ப முன்னே பின்னே போய்ச் சேருமாம். அதை வைத்து, சத்தம் எங்கே பிறந்தது என்று கம்ப்யூட்டரில் உள்ள நியூரல் நெட்வொர்க் கற்றுக்கொள்ளும். பிறகு பாலத்தில் பஸ் ஏறும்போது, நம் காதுக்கு எட்டாத விரிசல் சத்தத்துக்கும் அதுவே இடம் சொல்லும்.

யாரிடமும் பேச வேண்டியதில்லை. அது போதும்.

ஜனவரி 23

கிழக்கு உத்திரத்தின் அடியில் மலைத்தேனீக் கூடு. யாரும் இறங்க மாட்டேன் என்கிறார்கள். ஜூடி அக்கா திருப்பத்தூர் போன நேரம் பார்த்து சூப்பர்வைசர் விஜயராஜ் சொன்னார்: "மேற்கு பீம்லயே இன்னொரு தபா ஒடச்சிடு. கிழக்குன்னு போட்டுக்கலாம். மெஷினுக்கு இன்னா தெரியும்?"

நான் தலையாட்டவில்லை. பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நாம் சொல்லித்தருவதுதானே அதற்குத் தெரியும்? பொய் சொல்லித்தந்தால், நிஜமாக விரிசல் விடும்போது எதைக் காட்டும்? தங்கச்சி தினமும் அந்த பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறாள்.

ஜனவரி 24

ஜூடி அக்காவுக்குப் போனில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். வேலையிலிருந்து நிறுத்துவார்களோ — நிறுத்தட்டும்.

ஜனவரி 25

விடியற்காலைக் குளிரில் தேனீக்கள் அடங்கிக் கிடந்தபோதே, நானும் ஜூடி அக்காவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கினோம். எல்லாப் புள்ளியும் முடிந்தது. ஏறும்போது கன்னத்தில் ஒன்று கொட்டிவிட்டது.

"சும்மாவே மூஞ்சி காட்ட மாட்ட. இனிமே கதவத் தொறந்து வெளிய வந்தாப்லதான்," என்று சிரித்துக்கொண்டே அம்மா சுண்ணாம்பு தடவினாள்.

பிப்ரவரி 9

பாலத்தில் லோடு லாரியை ஏற்றிப் பார்த்தார்கள். விரிசல் சத்தமெல்லாம் கிழக்கு உத்திரத்தில் ஒரே இடத்திலிருந்து வருகிறதாம். இனி பஸ் அக்கரையோடு நின்றுவிடும்.

பிப்ரவரி 10

அக்கரை வரை புளி மூட்டை சுமந்துவிட்டு வந்த வடிவேலு மாமா எங்கள் வாசலில் நின்று கத்தினார். "அன்பரசி பென்சில ஒடச்சா பாலம் ஒடஞ்சிடுமா? இன்னா கூத்து இது!"

பஸ்ஸைத் திரும்ப விடச்சொல்லி மனு. ஊரே கையெழுத்துப் போட்டது. அம்மாவும். என்னிடமும் நீட்டினார்கள்.

"நான் போட மாட்டேன் மாமா. தங்கச்சிய நடத்தியே கூட்டினு போறேன்."

என் குரல்தானா அது? மனுவை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"அடேங்கப்பா, இதுக்குப் பேசக்கூட வருது," என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 16

பஸ் இன்னும் அக்கரையில்தான். செங்கம் சந்தைக்குப் புறப்பட்ட மாமா, "மெஷினாம், சத்தமாம், எல்லாம் பொய்யி," என்று சொல்லிக்கொண்டே பாலம் ஏறினார். தங்கச்சியோடு நான் பின்னால்.

மூட்டை மேற்குக் கைப்பிடியில் உரச உரச நடந்தார். அவருக்கு முன்னால் போனவர்களும் அந்த ஓரமாகவே போனார்கள். கிழக்குப் பக்கம் காலியாகக் கிடந்தது.